குரல் தரமாட்டேன், இரைச்சல் தருகிறேன்

கீபோர்டு வாசிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் பொதுவாக அறிவுரை சொல்வதில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை, காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு அலைகிறீர்கள். ஆனால் சென்ற மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பாம். பெண்ணின் அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் செல்போனில் பேசிய பழைய பதிவு ஒன்றைக் கொடுத்து, அவரே மேடையில் மகளை வாழ்த்துவது போலச் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் போட்டால் செத்தவர் குரலில் புதிதாகப் பேச வைக்கலாமாம். பெண்ணுக்குச் சொல்லவில்லையாம், சர்ப்ரைஸாம்.

"பண்ணலாமா சார்?" என்று கேட்டார். சுருதியைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி டபராவில் பாதி, வேட்டியில் பாதி. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அவரை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை என்னிடம் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். அப்போது கம்ப்யூட்டர் இல்லை. என் பெட்டிதான் இருந்தது.

பெட்டி என்றால் ஆர்மோனியம் அல்ல. சிந்தசைசர்தான், ஆனால் நீங்கள் வாசிக்கும் ரகம் அல்ல. என் தாய்மாமா சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் பேண்டில் வாசித்தவர். கடைசியாக ஊர் திரும்பியபோது கப்பலில் அதை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தார். சுங்கத்தில் அதை ஒயர்லெஸ் கருவி என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்கள். மாமா அங்கேயே ஒரு மேசை மேல் வைத்து, பிளக்கை மாட்டி, எங்கள் மாதா கோயில் ஞானப்பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். அவர் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போனபோது பெட்டி எனக்கு வந்தது.

அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையை அமுக்கினால் ஒன்று பேசும், மற்றது சும்மா இருக்கும். வயலின் என்று எழுதிய பொத்தானெல்லாம் கிடையாது. வரிசையாகத் திருகுகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகித் திருகி வயலினை நாமே உண்டாக்க வேண்டும். அடுத்த பாட்டுக்குப் புல்லாங்குழல் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினால் பழையது போயே போய்விடும், பெட்டிக்கு ஞாபகம் என்பது கிடையாது. என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளை வாங்கி, வயலினுக்குச் சிவப்பு, குழலுக்குக் கறுப்பு என்று திருகுகளைச் சுற்றி ஒட்டிவைத்திருந்தேன். வெயில் ஏறினால் சுருதி நகரும். ஊரில் பம்புசெட்டுகளைப் போட்டால் கரண்ட் இறங்கி, சுருதியும் சேர்ந்து இறங்கும். பாடுகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். குழுவில் எல்லோரும் அதைத் திருகுப்பெட்டி என்பார்கள். சுருதி இறங்கிய நாட்களில் "பெட்டிக்குச் சளி புடிச்சிருக்கு" என்பார்கள்.

பொத்தானை அமுக்கினால் நூறு வாத்தியம் கேட்கும் கீபோர்டுகள் சென்னைக் கடைகளுக்கு வந்திறங்கிய காலம் அது. மற்ற குழுக்கள் வாங்கிவிட்டன. நான் திருகிக்கொண்டிருந்தேன். அப்படியும் என்னைக் குழுவில் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் பெட்டியில் சுரமே இல்லாத ஒரு சத்தமும் வரும். வெறும் இரைச்சல். அதைத் திருகால் அடைத்தும் திறந்தும் மழை, காற்று, ரயில், கூட்டம் எல்லாம் செய்யலாம். எங்கள் குழுத் தலைவர் நல்ல பாடகர், அதைவிட நல்ல பலகுரல்காரர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். வெளிநாட்டில் இருக்கும் புருஷன் ஊருக்குப் போன் செய்வது போல அவர் ஒரு நகைச்சுவை செய்வார். கையில் ஒரு பழைய டெலிபோன். நான் பின்னாலிருந்து அந்த வெளிநாட்டு லைனின் இரைச்சலைக் கொடுப்பேன். ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது கடல் கடந்து போயிருந்த காலம், ஆகவே கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே ஒரு ஊரில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கச்சேரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கே வேனில் போய் இறங்கிவிட்டோம். புதிதாகக் கட்டிய மாடி வீடு, அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான் மாடி. பெண்ணின் அப்பா ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போனவர். மகன் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போய் அனுப்பியதில் நிலம் வாங்கி, வீடும் கட்டியிருந்தார். தங்கை கல்யாணத்துக்கு மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம், மாப்பிள்ளை வருவதற்கு முன்பு, போனில் பேசுவதாகச் சொல்லியிருந்தான்.

இதையெல்லாம் சொன்னது பெண்ணின் அம்மா. நாங்கள் பந்தலில் ஸ்பீக்கரை நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, எம் மவன் போன் பண்ணுவான். அந்த நேரத்துல மட்டும் ஸ்பீக்கரக் கொஞ்சம் கொறச்சி வைங்க. எனக்குக் காது கேக்காது."

"போன் வந்ததும் ஆளனுப்புங்கம்மா, நிறுத்தியே வச்சிடுறோம்."

"நிறுத்த வேணாம். பின்னால பாட்டு சத்தம் கேட்டா அவனுக்கும் சந்தோசமா இருக்கும்ல? கொறச்சா போதும்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா வந்து அண்ணனையும் என்னையும் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனார். வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தினார். பந்தலில் எங்கோ சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது. இரண்டு கையிலும் சந்தனம் காய்ந்திருந்தது.

"நேத்து கட்டடச் சாரத்துலேர்ந்து வுழுந்துட்டானாம்" என்றார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான். அவங்கூட வேல பாக்குற பையன் காலைல போன் பண்ணான். நல்லவேள, நான்தான் எடுத்தேன்."

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அண்ணன் அவர் தோளைப் பிடிக்கப் போனார். அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆறுதல் வாங்க அவருக்கு நேரமில்லை.

"இப்பச் சொன்னா கல்யாணம் நின்னுடும். தீட்டு. நின்னா எம் பொண்ணு ராசி கெட்டவன்னு பேராயிடும், அப்பறம் எவன் வருவான்? மாப்பிள்ள வூட்டு வேன் கெளம்பிடுச்சி. நாளைக்குத் தாலி கட்டிப் பொண்ணு மாப்பிள்ளைய அனுப்பிட்டுச் சொல்லிக்கிறேன். ஆனா எம் பொஞ்சாதி, போன் வராம ஆலாத்தித் தட்டத் தொடமாட்டேங்குறா. இன்னும் கொஞ்ச நேரம் போனா அவளே யாரையாவது வுட்டு மஸ்கட்டுக்குப் போன் போடச் சொல்லுவா. வேற போனு எதுவும் வந்துடக் கூடாதுன்னு வயரப் புடுங்கி வுட்டுருக்கேன்."

பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "ஒங்க கச்சேரி பாத்துருக்கேன். போன்ல பேசுற மாதிரி செய்வீங்களே. அத இங்க செய்யணும். எம் மவன் மாதிரி."

சீரியல் பல்பு ஒன்று எரியவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்பது போல அந்த மனிதர் கேட்டார். மகன் செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "குரல் எப்படி இருக்கும்?" என்றார்.

அதற்கும் அவர் தயாராக இருந்தார். மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மகன் மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பியது. அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். வேனில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேப்பில் போட்டோம். "அம்மா, நான் நல்லாருக்கேன். இங்க வெயிலுதான் கொஞ்சம் அதிகம்" என்று ஒரு பையன் பேசினான். லேசாக மூக்கடைத்த குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு சின்னச் சிரிப்பு. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் டேப்பை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் நல்லாருக்கேன்" என்றார். அதே மூக்கு, அதே சிரிப்பு.

மேடையில் அவர் எத்தனையோ குரல் பேசப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பயந்ததில்லை. அன்று பயந்தேன். அப்பா சட்டென்று திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கணம், அந்த முகத்தில் சந்தோஷம் வந்துபோனது. அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, வேணாம்" என்றேன்.

"என்ன வேணாம்? பெத்தவரு கேக்குறாரு."

"அந்தம்மா ஏதாவது கேள்வி கேட்டா என்ன சொல்லுவீங்க? வூட்ல அவன என்ன சொல்லிக் கூப்புடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா? 'எப்பய்யா வருவ'ன்னு கேட்டா எந்த மாசம்னு சொல்லுவீங்க?"

நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"குரல் வேணாங்க. இரைச்சல் மட்டும் குடுக்குறேன். லைன் கெடச்சிருக்கு, அவன் பேசுறது நமக்குக் கேக்கல. அவ்வளவுதான். இப்படி எத்தன தடவ நடந்திருக்கும் ஒங்க வூட்லயே?"

அவர் யோசித்தார். "ஆமா" என்றார். "போன பொங்கலுக்குக்கூட அப்படித்தான் ஆச்சு."

"அம்மா பேசட்டும். அவன் சார்பா நாம ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

சம்மதித்தார். நான் சொன்னதை ஒப்புக்கொண்டதால் அல்ல, வேன் வருவதற்குள் ஏதாவது நடந்தாக வேண்டும் என்பதால். பிள்ளைகளே, அவசரத்தில் இருக்கிறவரிடம் உங்கள் நியாயத்தை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். செய்யக்கூடியது எதுவென்று மட்டும் சொல்லுங்கள்.

கூடத்தை ஒட்டிய ஓர் அறையை அவர் திறந்துவிட்டார். கல்யாண வீட்டில் ஊசி விழ இடமில்லாதபோது அந்த ஓர் அறை மட்டும் காலியாக இருந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். வீட்டுப் போனின் ஒயரை எங்கள் ஒயரோடு முறுக்கி, கதவுக்கு அடியில் இழுத்துக்கொண்டோம். கதவு ஒருக்களித்திருந்தது. இரைச்சலைத் திறந்தேன். மேடையில் நான் கொடுக்கும் இரைச்சல் சிரிக்க வைப்பதற்கு, அது இங்கே ஆகாது. தூரத்தைக் காட்ட வேண்டும். கடல் அளவு தூரம். திருகித் திருகி ஓரிடத்தில் நிறுத்தினேன். அண்ணன் பக்கத்தில் நின்றார். வெளியே அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"இந்தா, அவன் லைன்ல இருக்கான், வா."

அந்த அம்மாள் ஓடிவந்த சத்தம் கேட்டது.

"ஏண்டா, மாப்பிள்ள வர்ற நேரத்துலதான் ஒனக்குப் போனு கெடச்சுதா? அலோ? அலோ? ஒண்ணும் கேக்கலியே. இரையுது."

"லைன் சரியில்ல போலருக்கு" என்றார் அப்பா. "நீ பேசு. ஒனக்குத்தான் கேக்கல."

அவர் பேசினார். தூரம் என்பதால் உரக்கப் பேசினார். தங்கச்சி அவன் அனுப்பிய அரக்குச் சேலையைத்தான் கட்டியிருக்கிறாள். சமையலுக்குப் பாப்பாநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்தாகிவிட்டது. "ஒன் ரூம்ல ஒருத்தரயும் படுக்க வுடல. நீ வந்து பிரிச்சிக்கன்னு மெத்த மேல போட்ட பிளாஸ்டிக்கூட அப்படியே வச்சிருக்கேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் புதுக்கட்டில். மெத்தை மேல் பிளாஸ்டிக். அண்ணன் அதன் மேல் கை வைத்துச் சாய்ந்து நின்றவர், சுட்டது போலக் கையை எடுத்தார்.

பிறகு அந்த அம்மாளின் குரல் இறங்கியது. கதவிடுக்கில் முதுகு மட்டும் தெரிந்தது. போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பறம், ஒண்ணு சொல்லணும்டா. நான் பேசுறது கேக்குதா? கேட்டா தட்டு. பொங்கலுக்குத் தட்டுனியே, அது மாதிரி."

ஒரு பக்கம் மட்டும் கேட்கிற லைனில், கேட்கிறவர் ரிசீவரைத் தட்டிக் காட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நானே செய்திருக்கிறேன். அவ்வளவு யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை. ஒயரின் முனையை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவர் காதில் டொக்கென்று கேட்கும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது.

அண்ணன் குனிந்து "தட்டுங்க" என்று வாயசைத்தார். வெளியே அப்பா கதவிடுக்கு வழியாக என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, இது ஒன்றைச் செய்துவிடு என்று கெஞ்சிய பார்வை.

நான் தட்டவில்லை. அவர் சொல்லப்போவது மகனுக்கு. கூடத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்கக் கூடாதென்று குரலை இறக்கியிருக்கிறார். நான் தட்டினால் அதைக் கேட்கப்போவது முன்பின் தெரியாத இரண்டு பாட்டுக்காரர்கள். கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அந்த அறைக்குள் போனேன். அதற்கு இரைச்சல் போதும். ஒரு தாயின் ரகசியத்தைத் திருட என்னால் முடியவில்லை.

அவர் காத்திருந்தார். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

"தட்டல. கேக்கல போலருக்கு" என்றார். "சரி வுடு, அடுத்த தடவ சொல்லிக்கிறேன்." ரிசீவரை வைத்துவிட்டார்.

திருகை மூடக் கை வரவில்லை. அண்ணன்தான் மூடினார்.

மாப்பிள்ளை வந்தார். அந்த அம்மாள் ஆலாத்தி எடுத்தார். கச்சேரி தொடங்கி இரண்டாவது பாட்டுக்கு நடுவில் மேடை ஓரமாக என்னிடம் வந்து, "போன் வந்துடுச்சு தம்பி. இனிமே ஸ்பீக்கரக் கூட்டி வச்சிக்கிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாசித்துக்கொண்டிருந்த சுரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. விரல்கள் பழக்கத்தில் போயின. மேடையில் எது நடந்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்று அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார், அன்று நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போன் நகைச்சுவையைச் செய்யச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அண்ணன் தொண்டை சரியில்லை என்றார். அதன் பிறகு எந்த மேடையிலும் அதை அவர் செய்யவில்லை.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்ட பிறகு அந்த அம்மாளுக்குச் சொன்னார்களாம். எப்படிச் சொன்னார்கள், அவர் என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணிவில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் அன்று வேனிலேயே சண்டை. "தட்டியிருக்கலாம்" என்றார். "ஒரு தட்டு. அந்தம்மா மனசுல இருந்தத எறக்கி வச்சிருப்பாங்க. நாம கேட்டா என்ன, காதப் பொத்திக்கிட்டாப் போச்சு." சாகும்வரை அவர் அப்படித்தான் சொன்னார். தொழிலில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர். இந்த ஒன்றில் அவர் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று இருவரும் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த சம்பா அறுப்பு முடிந்த சமயம். தஞ்சாவூரில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அந்த அம்மாள். கையில் ஒரு துணிப்பை, தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆள் பாதியாகியிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தது நீங்கதான்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

"ஆமாம்மா. என்னை மன்னிச்சிருங்க."

"அதுக்கு வரல தம்பி." உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் என்னைப் பார்த்தார். "அந்தச் சத்தத்த இன்னொரு தடவ வைக்க முடியுமா? அன்னைக்கு ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்."

என் மனைவி செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அம்மா, அது வெறும் மிசின் சத்தம்மா. அதுல யாரும் இல்ல."

"தெரியும் தம்பி. எனக்கென்ன புத்தியா கெட்டுப்போச்சு? படத்துக்கு முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். கருமாதி அன்னைக்கு ஆத்தங்கரையில நின்னும் சொல்லிப் பாத்தேன். செவுத்துக்கிட்டச் சொல்ற மாதிரி இருக்கு. அந்தச் சத்தத்துல அவன் இருக்கான்னு நெனச்சித்தானே அன்னைக்கு அவ்வளவும் பேசுனேன்? மிச்சத்தையும் அதுலயே சொல்லிட்டுப் போயிடுறேன்."

கும்பகோணக் கச்சேரிக்காரரே, உமக்கு என் பதில் இதுதான். முடியுமா என்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர், உம் கம்ப்யூட்டரால் எல்லாம் முடியும். அந்தப் பெண்ணிடம் போய்க் கேளும். சர்ப்ரைஸ் என்று சொல்லி, பெற்றவரைப் பறிகொடுத்த ஒருத்தியை ஆயிரம் பேர் நடுவில் உறைய வைக்காதீர். எல்லாம் தெரிந்து, அவளே வேண்டும் என்று கேட்டால், அப்போது யோசிக்கலாம். அப்போதும் என் கையால் குரல் தரமாட்டேன். நீர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் கேட்காமல் செய்யாதீர்.

அந்த அம்மாளுக்காகப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். பீரோ மேலிருந்து அந்த நகைச்சுவை டெலிபோனை இறக்கித் துடைத்து, ஒயரை மாட்டி, ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். இரைச்சலைத் திறந்தேன். அன்று வைத்த இடம் எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ கச்சேரிகளில் திருகுகள் எங்கெங்கோ போய்விட்டன.

"இது மழ மாதிரி இருக்கு" என்றார் அவர். கண்ணை மூடியிருந்தார்.

திருகினேன்.

"இது கிட்டக்க. இன்னும் தள்ளி."

இன்னும் கொஞ்சம் அடைத்தேன்.

"இன்னும் தள்ளி."

எனக்கு எங்கேயென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஒரு இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அலோ" என்றார். நான் ஒருவன் பக்கத்தில் இருப்பதையே அவர் மறந்துவிட்டது போலிருந்தது. "கேக்குதாடா? கேட்டா தட்டு."

நான் தட்டினேன்.

தட்டிவிட்டு உடனே எழுந்தேன். என் மனைவியையும் கையைக் காட்டி அழைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, கதவை இழுத்துச் சாத்தினேன்.